இன்டர்லூகின் ஆறும் என் பத்து விரலும்

அன்புள்ள ஹாரனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பிறந்ததுமே வண்டி ஹாரன் மாதிரிக் கத்தியவளை வேறு என்னவென்று கூப்பிடுவேன்? எழுதிக்கொள்வது என்ன, சொல்லிக்கொள்வது. கையெழுத்து உங்கப்பாவுடையது. கார் சீட்டுக்கு உறை தைக்கிற மனுஷர் பேனா பிடித்தால் எழுத்தும் தையல் மாதிரி ஒரே அளவில் வருகிறது. படிக்க உனக்குச் சிரமம் இருக்காது. நான் சொல்வதில் ஒரு வார்த்தை விடக் கூடாது, நடுவில் திருத்தவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டியிருக்கிறார். பார்ப்போம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ டாக்டர் மாதிரிக் கேள்வி கேட்கிறாய். "காய்ச்சல் எவ்வளவும்மா? எந்த மூட்டுல வீக்கம்? நேத்து என்ன சாப்பிட்டே?" நானும் நோயாளி மாதிரிப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லையே என்று உறைக்கிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் இன்று எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பாதி உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே தலைகால் புரியும்.

சிறுநீரகத்தை எடுத்த பிறகும் அந்தப் புற்று சும்மா இருக்காமல் நுரையீரலில் போய்க் குடியேறியது அல்லவா? அதற்குப் பெரிய டாக்டர் நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றினார். அது கட்டியைத் தொடாதாம். நம் உடம்பிலேயே இருக்கிற வெள்ளை அணுக்களை அவிழ்த்துவிடுமாம். அவை போய்க் கட்டியைக் கடிக்குமாம். இத்தனை நாள் ஏன் கடிக்கவில்லை என்று கேட்டேன். புற்று அந்த அணுக்களின் பிரேக்கில் காலை வைத்து அழுத்திக்கொண்டு இருக்கிறது, மருந்து அந்தக் காலைத் தட்டிவிடும் என்றார். வாழ்நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுகிற வண்டிக்கு பிரேக் மிதித்தவள் நான். எனக்கா இது புரியாது?

புரிந்தது. கட்டிகளும் சுருங்க ஆரம்பித்தன. ஆனால் பிரேக் இல்லாத வண்டி, போகச் சொன்ன இடத்தோடு நிற்குமா? என் மூட்டில் வந்து ஏறிவிட்டது.

இதை நான் போனில் குறைத்துத்தான் சொன்னேன். விரல்கள் எல்லாம் வேகவைத்த மாதிரி உப்பிச் சிவந்துவிட்டன. காலையில் எழுந்தால் கை விரியாது; வெந்நீரில் வைத்துக்கொண்டு குளிக்கிற அறையிலேயே உட்கார்ந்திருப்பேன். தலை வாரிவிடுவது உங்கப்பா. ஒருபக்கமாகத்தான் வாருவார், கண்ணாடியைப் பார்த்தால் யாரோ தெரியாத பொம்பிளை நிற்பாள். டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அணில் மாதிரிக் குடித்தேன். பொத்தான் போட்ட சட்டையெல்லாம் பீரோவில் தூங்குகிறது. வண்டியை மூடி வைத்தாயிற்று. என்னிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களை அடுத்த தெரு டிரைவிங் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பள்ளிக்காரர் இண்டிகேட்டர் போடாமலே திரும்புகிற ஆள். என் பிள்ளைகள் அவரிடம் என்னத்தைக் கற்கப் போகிறார்களோ.

வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வீக்கம் இறங்கியது. முகம் ஏறியது. சர்க்கரையும் ஏறியது. மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தால் போதும், மறுபடியும் விரல் உப்பிக்கொள்ளும். அதிகமாகக் கொடுத்துக்கொண்டே போனால், அவிழ்த்துவிட்ட வெள்ளை அணுக்களையும் அது தூங்கவைத்துவிடும், புற்று மருந்து கொடுத்ததே வீண் என்றார் பெரிய டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார்: "புற்று மருந்தை நிறுத்திடலாம்மா. கையாவது திரும்பக் கிடைக்கட்டும்."

நிறுத்தினால் நுரையீரலில் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. உங்கப்பா கேட்டார். டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

(இங்கே உங்கம்மா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. எழுத வேண்டாம் என்றாள். ஒரு வார்த்தை விடக் கூடாது என்றும் அவள்தான் சொன்னாள். — அப்பா)

சரி, இனிமேல்தான் விஷயம். காதைக் கொடுத்துக் கேள்.

கடைசியாக மூட்டு டாக்டர் ஒருவரையும் கேட்டுவிடலாம் என்று அனுப்பினார்கள். அறைக்குள் நுழைகிறோம், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். "டீச்சர்! நீங்களா?" எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நான்தான் டீச்சர், ரிவர்ஸ்!" என்றாள்.

உனக்கு நினைவிருக்கிறதா? பின்னால் எடுக்கச் சொன்னால் முன்னால் போவாள், முன்னால் போகச் சொன்னால் தபால் நிலையத்துப் பூந்தொட்டிகள் மேல் போவாள். தேர்வில் தோற்றுத் தோற்று, தேர்வு அதிகாரிக்கே அவள்மேல் பாசம் வந்துவிட்டது. அந்த ரிவர்ஸ்தான் இப்போது மூட்டு டாக்டர். என் கையை எடுத்து ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தாள். அவ்வளவு மெதுவாகக் கிளட்சை மிதித்திருந்தால் முதல் தடவையே தேர்வில் தேறியிருப்பாள். சொல்லியும் விட்டேன். சிரித்தாள்.

பிறகு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு விளக்கினாள். வெள்ளை அணுக்களுக்கு வாய் கிடையாது, ஆனால் பேசிக்கொள்ளுமாம். ஒன்று ஒரு துளிப் புரதத்தை வெளியே விடும். இன்னொன்று அதைத் தன்மேல் இருக்கிற வாசலில் வாங்கிக்கொள்ளும். அதுதான் பேச்சு. "வா", "பெருகு", "கொதி", "போதும் நிறுத்து" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புரதம். அதற்குப் பெயர் இன்டர்லூகின் என்றாள்.

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். இந்தப் பெயரை எங்கேயோ கேட்டிருக்கிறேனே!

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். ஒன்று, இரண்டு, ஆறு, பத்து, பதினேழு என்று வரிசையாக முப்பதுக்கு மேல் இருக்கிறதாம். பெயர் வைக்க அலுத்துப்போய் நம்பர் போட்டுவிட்டார்கள் போல. ஒன்றாம் நம்பர் காய்ச்சலைக் கிளப்பும். இரண்டாம் நம்பர் சண்டைக்காரர்களைப் பெருக்கும். பத்து சமாதானம் பேசும். ஆறுதான் ஊர் முழுக்கத் தண்டோரா போடுகிற ஆள். ஈரலுக்குப் போய்ச் சொல்லும், மூட்டுக்குப் போய்ச் சொல்லும், எல்லாரையும் கொதிக்கவைக்கும். காயம் பட்டால் இந்தக் கொதிப்பு வேண்டும், ஆறினதும் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் நாள்கணக்கில் கொதித்தால் மூட்டு அரிக்கும், குடல் புண்ணாகும். அதைவிட அநியாயம், சில புற்றுக்கட்டிகள் அந்த ஆறையே உரமாகப் போட்டுக்கொண்டு வளருமாம்! உடம்பைக் காப்பாற்றப் போன செய்தியைத் திருடன் ஒட்டுக்கேட்டுக் கொழுக்கிறான் என்று வைத்துக்கொள்.

என் ரத்தத்தில் அந்த ஆறு தாறுமாறாக இருக்கிறது என்றாள்.

"ஆறா? என் பொண்ணு சொல்ற ஆறா?" என்று கத்திவிட்டேன். உங்கப்பா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். எனக்குக் கை வலியெல்லாம் மறந்தே போயிற்று. நீ இத்தனை வருஷமாக அந்த ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று யார் கேட்டாலும், "எலிக்குக் காய்ச்சல் பார்க்கிற வேலை" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த எலிக்காய்ச்சலை உண்டாக்குகிற ஆசாமி என் சுண்டுவிரலுக்குள் உட்கார்ந்திருக்கிறான்! உனக்குத் தெரிந்தவன்! எனக்கு ஏதோ சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது. கெட்ட சொந்தக்காரன்தான், இருந்தாலும்.

நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்று ரிவர்ஸ் கேட்டாள். சொன்னேன். மறுநாள் மறுபடியும் வரச் சொன்னாள். போனால் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். ஏதோ கட்டுரை. மேலே ஒரே பெயர்க்கூட்டம். நடுவில் விரலை வைத்து, "இது யாருன்னு பாருங்க டீச்சர்" என்றாள்.

உன் பெயர். எங்களிடம் இருந்து போன பெயர், அத்தனை பெயர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது.

யாருமே படிக்காத கட்டுரை என்று ஒருநாள் சொன்னாயே, அதுதான். எலிகளுக்குப் புற்று மருந்தோடு சேர்த்து ஆறின் வாசலையும் அடைத்துப் பார்த்தீர்களாம். கொதிப்பு அடங்கியதாம், கட்டியோடு நடக்கிற சண்டை நிற்கவில்லையாம். ரிவர்ஸ் நேர்மையானவள். "இந்த ஒண்ண வச்சு யாரும் முடிவெடுக்க மாட்டாங்க டீச்சர். மனுஷங்கள்ல பார்த்ததும் இருக்கு, ஆனா கொஞ்சப் பேர்தான். எல்லாத்துக்கும் நடுவுல இதுவும் ஒரு செங்கல்" என்றாள். செங்கல் போதும் எனக்கு. என் மகள் சுமந்த செங்கல்.

ஆறின் வாசலை அடைக்கிற மருந்தை எனக்கும் ஏற்றலாமா என்று இன்று காலை இரண்டு டாக்டர்களும் எங்கள் எதிரில் உட்கார்ந்து பேசினார்கள். பெரிய டாக்டர், "ஒரு பக்கம் அணுக்களை அவிழ்த்து விடறோம், இன்னொரு பக்கம் அதுங்க பேச்சை அடைக்கறோம். ஒண்ணு இன்னொண்ணைக் கெடுத்துடுமோன்னுதான் எனக்குப் பயம்" என்றார். ரிவர்ஸ், "சண்டை நிக்காது சார், சத்தம்தான் குறையும்னு நினைக்கறேன்" என்றாள். நான் நடுவில் புகுந்து அவளைப் பார்த்துக் கேட்டேன்: "நினைக்கறியா, தெரியுமா?"

"முழுசாத் தெரியாது டீச்சர்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு முடிவு பிறந்தது. என்னிடம் கற்றவர்கள் எங்கேயாவது இடித்துவிட்டால் கண்ணாடி மேல் பழி போடுவார்கள், வெயில் மேல் போடுவார்கள், குறுக்கே வராத நாய் மேலும் போடுவார்கள். பூந்தொட்டியை இடித்த அன்று "நான் பார்க்கல டீச்சர்" என்று சொன்ன ஒரே ஆள் இவள்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவள் ஓட்டுகிற வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். ஏற்று என்று சொல்லிவிட்டேன்.

ரத்தத்திலும் நெஞ்சுப் படத்திலும் ஒளிந்திருக்கிற கிருமி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரம் ஏற்றப் போகிறார்கள். நீ கவலைப்பட்டுக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. எலிகளுக்கு என் அன்பைச் சொல்.

எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுதியது அப்பா. அவள் சொன்னதில் பாதிச் சத்தத்தை நான் எழுதவில்லை. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.)

*

என் செல்ல ஹாரனுக்கு,

கையெழுத்தைப் பார்! கோணல்மாணலாக இருக்கிறதா? "ன"வுக்கும் "ண"வுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா? போகட்டும். என் கை! நான் எழுதுகிறேன்! உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எழுத ஒன்றுமில்லாமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மருந்து ஏற்றிய அன்று ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்து, சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வந்து தட்டுகிற வாசலில் எல்லாம் இது போய் உட்கார்ந்துகொள்ளும், ஆறு தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று ரிவர்ஸ் சொல்லியிருந்தாள். எனக்குள் எத்தனை வாசல் இருக்கிறதோ என்று நினைத்தபடியே தூங்கிவிட்டேன். மறுநாளும் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கப்பா முகம் சின்னதாகிவிட்டது. நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன், எனக்கே இல்லாத தைரியத்தை.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் காலை. தூக்கக் கலக்கத்தில் எழுந்து போய்ப் பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உங்கப்பா சமையலறை வாசலில் நின்று என்னையே முறைத்துப் பார்க்கிறார். "என்னங்க?" என்றேன். "குழாயை யாரு திறந்தா?" என்றார்.

நான்தான் திறந்திருக்கிறேன்! பற்பசை மூடியையும் நானே திருகியிருக்கிறேன். வெந்நீர் வைக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கை தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்திருக்கிறது, எனக்குத் தெரியவேயில்லை. இரண்டு பேரும் குளிக்கிற அறைக்கு ஓடினோம். குழாயை மூடினேன், திறந்தேன், மூடினேன், திறந்தேன். உங்கப்பா தண்ணீர் வீணாகிறது என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதுவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அவரோடு வாழ்கிறேன், ஊசி குத்தினால்கூட "ஸ்" என்று மட்டும் சொல்கிற மனுஷர்.

அன்று முழுக்க வீட்டில் நான் தொடாத பொருள் இல்லை. டப்பா டப்பாவாகத் திறந்து மூடினேன். பொத்தான் போட்ட சட்டையை எடுத்து மேலிருந்து கீழே போட்டேன், கீழிருந்து மேலே கழற்றினேன். நானே தலை வாரினேன், நடுவகிடு எடுத்து. கண்ணாடியில் இருந்தவள் எனக்குத் தெரிந்தவள்தான். இரண்டாம் வாரம் விரல் கணுக்களில் பழைய சுருக்கம் வந்துவிட்டது. சுருக்கத்தைப் பார்த்து ஒரு பொம்பிளை சந்தோஷப்பட்டாள் என்றால் அது நானாகத்தான் இருப்பேன்.

ரிவர்ஸிடம் போய்க் கையைக் கொடுத்தேன். குலுக்கச் சொன்னேன், அழுத்தமாக. அவள் கை வலித்ததாம்! "டீச்சர், போதும், நான் இந்தக் கையாலதான் மருந்து எழுதணும்" என்றாள். ரத்தத்தில் கொதிப்பைக் காட்டுகிற அளவு ஒரேயடியாகக் கீழே போயிருக்கிறது. அந்த அளவை ஏற்றிவிடுவதே ஆறுதான், ஆறை அடைத்தால் அது இறங்கத்தான் செய்யும், அதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்று உடனே என் ஆட்டத்துக்கு பிரேக் போட்டாள். விரலைப் பார்க்கணும், நடையைப் பார்க்கணும், நுரையீரலைப் பார்க்கணும் என்றாள். நல்லாசிரியரிடம் படித்தவள் அல்லவா!

ஸ்டீராய்டு படிப்படியாக இறங்குகிறது. நடுவில் நிறுத்திவைத்திருந்த புற்று மருந்தை மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய டாக்டருக்கு இன்னும் அரைமனசுதான். ஒவ்வொரு தடவையும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம்" என்கிறார். அந்த "ம்" கொஞ்சம் கொஞ்சமாக நீளமாகிக்கொண்டே வருகிறது. நல்ல அறிகுறி என்று உங்கப்பா சொல்கிறார்.

வண்டியின் மேல் போட்டிருந்த உறையை எடுத்தேன். பாட்டரி செத்திருந்தது. எதிர்வீட்டு மெக்கானிக் வந்து உயிர் கொடுத்தார். மைதானம் வரை ஓட்டிப் போய், எட்டுப் போட்டுவிட்டு வந்தேன். ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது மணிக்கட்டில் ஒரு பொட்டு வலிகூட இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேண்டுமென்றே சத்தமாக ஹாரன் அடித்தேன். யாரும் குறுக்கே வரவில்லை. உன்னைக் கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒவ்வொரு போனிலும் நீ எனக்குச் சொல்கிறாய். இன்று நான் உனக்கு எழுதுகிறேன்: உன் கண்ணைப் பார்த்துக்கொள். அந்த நுண்ணோக்கியையே கட்டிக்கொண்டு அழாதே, நடுநடுவே ஜன்னலுக்கு வெளியே பார்.

பத்து விரலாலும் முத்தங்களோடு,
அம்மா

*

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தில் இரண்டு சந்தோஷமும் ஒரு சண்டையும் இருக்கிறது. சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

அதற்கு முன் ஒன்று. நடுவில் இரண்டு வாரம் நான் போனில் சரியாகப் பேசவில்லை என்று குறைப்பட்டாய். எனக்கு இருமல் இருந்தது. ஆறை அடைத்துவிட்டால் உடம்புக்குக் காய்ச்சலைக் கிளப்பத் தெரியாதாம். கிருமி வந்தாலும் சத்தம் போடாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், அதனால் சின்ன இருமல் என்றாலும் சொல்லிவிட வேண்டும் என்று ரிவர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். காய்ச்சல்தான் இல்லையே என்று நான் தலையணைக்குள் இருமிக்கொண்டிருந்தேன். மறுபடியும் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். கையை மறுபடியும் இழக்க எனக்குத் துணிச்சல் இல்லை. உங்கப்பா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டார். படம் எடுத்தால் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. படுக்கவைத்துக் கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள்.

அங்கே வைத்து ரிவர்ஸ் என்னைத் திட்டினாள் பார், அப்படி ஒரு திட்டு. "கண்ணாடியைப் பார்க்காம ஓட்டாதேன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு டீச்சர்?" என்றாள். பக்கத்துப் படுக்கைக்காரிகளெல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். உங்கப்பா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தவணை மட்டும் தள்ளிப்போட்டுவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்கள். கை அப்படியே இருக்கிறது. இதோ, எழுத்து முன்னைவிட அழகாக இல்லையா?

சரி, முதல் சந்தோஷம். ஸ்கேன்.

பெரிய டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்கு இந்தக் கறுப்பு வெள்ளை மேகமெல்லாம் ஒன்றுதான். பழையதில் அங்கங்கே வெள்ளைப் பொட்டுகளைக் காட்டினார். புதியதில் அதே இடங்களைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன் என்றேன். "தெரியக் கூடாதும்மா. அதான் விஷயம்" என்றார். பெரியதாக இருந்த ஒன்று மட்டும் சுருங்கிப்போய், வடு மாதிரி நிற்கிறது. மற்றவை இல்லை. அந்த "ம்" மனிதர், நாற்காலியில் இருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பயந்த மாதிரி ஆகலைம்மா" என்றார். பக்கத்து அறையில் இருந்து ரிவர்ஸ் ஓடிவந்தாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டபோது அவள் கழுத்தில் இருந்த ஸ்டெதஸ்கோப் என் மூக்கில் இடித்தது. நான் சொன்னேன், இவள் இன்னமும் இடித்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்று. அறையே சிரித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று உங்கப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாருக்கும் இப்படி ஆகாதாம். என் வரிசையில் உட்கார்ந்து அதே மருந்து ஏற்றிக்கொண்ட ஒரு தச்சருக்குக் கட்டி அசையவே இல்லை. ஏன் என்று டாக்டர்களுக்கும் தெரியவில்லை. அவர் என் ஸ்கேன் நன்றாக வந்ததைக் கேட்டுத் தன் ஆரஞ்சுப் பழத்தைப் பாதி உரித்து எனக்குக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அதனால்தான் இப்போது சண்டைக்கு வருகிறேன்.

நீ வேலையை விடப் போவதாக உங்கப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாயாம். சீட்டுத் தைக்கிறவருக்கு வாயைத் தைக்கத் தெரியாது, சொல்லிவிட்டார். "இத்தனை வருஷம் எலியைப் பார்த்து என்ன கண்டேன்ப்பா? அம்மா பக்கத்துல இருந்தாலாவது ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுத்திருப்பேன்" என்றாயாம்.

என் தங்கமே, தண்ணீர் எடுத்துக் கொடுக்க உங்கப்பா இருக்கிறார், எனக்கே இப்போது இரண்டு கை இருக்கிறது. அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? யாரோ ஒருத்தர் முதலில் அந்த ஆறைக் கண்டுபிடித்திருக்கிறார். யாரோ அதன் வாசலைக் கண்டுபிடித்திருக்கிறார். யாரோ அந்த வாசலுக்குப் பூட்டுச் செய்திருக்கிறார். அவர்களுக்கெல்லாம் என்னைத் தெரியாது. அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மா போனில் இருமியிருப்பாள். அவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தால் நான் இன்னமும் அணில் மாதிரி டீ குடித்துக்கொண்டிருப்பேன். இல்லை, அதுவும் இல்லாமல் போயிருப்பேன். மருந்து எனக்கு ஏன் கேட்டது, அந்தத் தச்சருக்கு ஏன் கேட்கவில்லை? அதை யார் போய்ப் பார்ப்பது? இருமலைத் தலையணையில் மறைக்கிற நானா? நீதான் பார்க்க வேண்டும். ராஜினாமாவை எழுதிவிட்டாய் என்றால் கிழித்துப் போடு. எழுதவில்லை என்றால் எழுதாதே. அம்மாவுக்காக என்று என் தலையில் அந்தப் பழியைப் போடாதே, நான் தாங்க மாட்டேன்.

சண்டை முடிந்தது. இரண்டாவது சந்தோஷம்.

நாங்கள் வருகிறோம்!

ஆமாம், நானும் உங்கப்பாவும், உன்னிடம். ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் வந்துவிட்டுப் போகிறோம். ரிவர்ஸ் எனக்காக அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எல்லா விவரமும் எழுதிக் கொடுத்துவிட்டாள். உங்கப்பா புதுப்பெட்டிக்கு உறை தைக்க ஆரம்பித்துவிட்டார், விமானத்தில் பெட்டிக்குக் கீறல் விழக் கூடாதாம். அடுத்த கோடைக்கு வாங்க, குளிர் இருக்காது, எனக்கும் லீவு கிடைக்கும் என்று நீ சொல்வாய். தெரியும். குளிர் பரவாயில்லை. உனக்கு லீவும் வேண்டாம். நீ வேலை செய்கிறபோதுதான் எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டேன். "போறதுன்னா இப்பப் போயிட்டு வந்துடுங்க" என்றார். அந்த "இப்ப"வை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி உங்கப்பாவுக்குப் பட்டதாம். எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் இப்போதே வருகிறோம்.

வந்ததும் ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பாதே. எனக்குக் கட்டடமும் பாலமும் வேண்டாம். நேராக நீ வேலை செய்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. அந்த மேசை, அந்த விளக்கு, நீ கோட்டை மாட்டிவைக்கிற ஆணி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு நாற்காலி போட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீ என்ன செய்கிறாய் என்று ஆரம்பத்தில் இருந்து சொல். எனக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். நடுவில் கேள்வி கேட்பேன். சொன்னதையே மறுபடி சொல்லச் சொல்வேன். நீ அவசரப்படாதே, மகளே. எத்தனை நாள் சொன்னாலும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீ நன்றாக இரு. நான் வந்து சேரும்வரை, வந்து சேர்ந்த பிறகும்.

உன்னிடம் வந்துகொண்டிருக்கும்,
அம்மா